மறு: ‘வெயிட்டட்’, ‘ஃப்ரீ ஃப்ளோட்’ – சுட்டெண்ணுக்கு முன்னால் என்ன சொல் போடுவது?

திங்கள் இரவு, கிளிநொச்சி ஆசிரியர்:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை பின்னேர வகுப்பில் ஒரு பிள்ளை என்னை மடக்கிவிட்டாள். முதல்நாள் இரவு வானொலிச் செய்தியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் கூடியது என்றும் எஸ் அன்ட் பி ஸ்ரீலங்கா 20 குறைந்தது என்றும் ஒரே மூச்சில் வாசித்திருக்கிறார்கள். “சேர், சந்தை ஒண்டு, நாள் ஒண்டு. ஒண்டு ஏற மற்றது எப்பிடி இறங்கும்? ஆரோ கணக்கில பிழை விட்டிட்டினமோ?”

பிழை ஒருவரும் விடவில்லை. இரண்டும் கொழும்புப் பங்குச் சந்தையின் சுட்டெண்கள், அதாவது பல கம்பனிகளின் பங்கு விலை சேர்ந்து ஏறினதா இறங்கினதா என்று ஒரே எண்ணில் காட்டுபவை. முதலாவது, கொழும்புச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது; 1985ஐ 100 என்று வைத்துத் தொடங்கியது. இரண்டாவது, இருபது கம்பனிகளை மட்டும் தெரிந்தெடுத்து 2012இல் வந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் இருபத்தைந்து கம்பனிகளோடு ‘மிலங்கா’ என்று ஒன்று இருந்தது. இவ்வளவும் கரும்பலகையில் எழுதினேன். “இருபது கம்பனி எண்டபடியால் வித்தியாசம்” என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அது பாதிப் பதில். எந்தக் கம்பனிக்கு எவ்வளவு பாரம் கொடுத்துக் கூட்டுகிறார்கள் என்பதில் மற்றப் பாதி இருக்கிறது. அந்த இடத்தில்தான் சொல் முட்டுப்பட்டது. வாயில் ‘வெயிட்டட்’ என்று வந்தது, சொல்லிவிட்டேன். பிறகு கொப்பிகளைத் திருத்தும்போது பார்க்கிறேன், ஒரு பெடியன் ‘வெயிற்றர் சுட்டெண்’ என்று எழுதி அடியில் சிவப்புக் கோடும் போட்டிருக்கிறான்.

இன்னொன்று. ‘சுட்டெண்’ என்று எழுதியவுடனேயே பின் வாங்கிலிருந்து ஒரு கேள்வி: “எங்கட சோதனைச் சுட்டெண் மாதிரியோ சேர்?” எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் விடைத்தாளின் தலையில் ‘சுட்டெண்’ என்று ஒரு பெட்டியை ஆண்டுக்கணக்காக நிரப்பிவரும் பிள்ளைக்கு வேறெப்படித் தோன்றும்? கணிதத்தில் ‘சுட்டி’ என்றால் அடுக்கு. ஆக ஒரு சொல் மூன்று வேலை செய்கிறது.

முறையாக எழுதப் போனால் எஸ் அன்ட் பி 20ஐ ‘மிதவை சீராக்கப்பட்ட சந்தை மூலதனமாக்க நிறையளிக்கப்பட்ட சுட்டெண்’ என்றுதான் எழுதவேண்டி வருகிறது. வாசித்து முடிக்க இடையில் ஒரு தேத்தண்ணி வேணும். உயர்தரப் பிள்ளைகள் ஒரு வரியில் எழுதக்கூடிய சொற்களாக ஏதும் செய்து தருவீர்களா?


செவ்வாய் காலை, வவுனியா:

சேர், வணக்கம். பங்குத் தரகர் நிறுவனம் ஒன்றில் ஒன்பது வருசம் இருந்தவள் என்றபடியால் எழுதுகிறேன். சொல்லைத் தேடுவதற்கு முன் எத்தனை வகை இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பழையது அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ். 1896 மே 26ஆம் திகதி சார்ள்ஸ் டவ் பன்னிரண்டு கம்பனிகளின் பங்கு விலைகளைக் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்தார், 40.94 வந்தது. அவ்வளவுதான் கணக்கு. கொழும்பில் பங்குத்தரகர் சங்கம் தொடங்கியதும் அதே 1896இல்தான், அது சும்மா ஒரு பொருத்தம். இன்றைக்கு டவ்வில் முப்பது கம்பனிகள். முதல் பன்னிரண்டில் கடைசிவரை நின்ற ஜெனரல் எலெக்ட்ரிக்கும் 2018இல் வெளியே போய்விட்டது. கணக்கு மட்டும் மாறவில்லை: விலையைக் கூட்டு, பிரி. ஒரு பங்கைக் கம்பனி பலவாகப் பிளக்கும்போதும் பட்டியலில் கம்பனி மாறும்போதும் எண் துள்ளாமல் இருக்க, வகுக்கிற எண்ணைத் திருத்தித் திருத்தி அது இப்போது 0.2ஐ விடச் சிறியதாகிவிட்டது. அதனால் முப்பதில் ஒரு பங்கு ஒரு டொலர் ஏறினாலே டவ் ஐந்து புள்ளிக்கு மேல் ஏறும். அந்தக் கம்பனி பெரியதா சின்னதா என்று டவ் கேட்காது. ஒரு பங்கின் விலை 500 டொலர் என்றால், 50 டொலர்ப் பங்கைப்போல் பத்து மடங்கு அதன் கை ஓங்கும். தோக்கியோவின் நிக்கேய் 225உம் இந்தச் சாதிதான். அதே தோக்கியோவில் டொபிக்ஸ் என்று மற்றது இருக்கிறது, அது கம்பனியின் பருமனைப் பார்க்கும். உங்கள் பிள்ளையின் கேள்வியை யப்பானிலும் கேட்கலாம்.

பருமனைப் பார்ப்பவைதான் இப்போது கூடுதல். விலையைப் பங்குகளின் தொகையால் பெருக்கி வருவது சந்தைப் பெறுமதி. ‘மூலதனமாக்கம்’ எனக்கும் பிடிக்காது; அங்கே ஒருவரும் எதையும் மூலதனம் ஆக்கவில்லை. அமெரிக்காவில் 1957இலிருந்து வரும் எஸ் அன்ட் பி 500, 1971இல் 100 என்று தொடங்கிய நாஸ்டாக் தொகுப்பு, 1984இல் 1000 என்று தொடங்கிய லண்டன் எஃப்.டி.எஸ்.ஈ. 100 எல்லாம் இந்தப் பக்கம். எங்கள் அனைத்துப் பங்கும் இந்தப் பக்கம்.

பிறகு ஃப்ரீ ஃப்ளோட், சேர் எழுதிய ‘மிதவை’: கம்பனியை ஆளுபவர்களின் கையில் இருப்பதை விட்டு, வெளியே நிற்கும் பங்கை மட்டும் கணக்கெடுப்பது. அதைப் பின்னேரம் எழுதுகிறேன், இப்போது பஸ் வருகிறது.


செவ்வாய் மதியம், மதுரை:

ஐயா, ஒரு சிறு குறுக்கீடு. இங்கே நாங்கள் குறியீட்டெண் என்றே எழுதுகிறோம்: நுகர்வோர் விலைக் குறியீட்டெண், பங்குச் சந்தைக் குறியீட்டெண். ‘சுட்டெண்’ சிறிய சொல், நல்ல சொல். தேர்வு எண்ணோடு குழம்பும் சிக்கல் எங்களுக்கு இல்லை, ஏனென்றால் நாங்கள் அதைத் தேர்வு எண் என்றே சொல்லிவிடுகிறோம். ஆகவே இரண்டையும் இணையாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ‘நிறை’ இடிக்கிறது. எங்கள் பள்ளி இயற்பியலில் நிறை வேறு, எடை வேறு. உங்களுக்குத் திணிவு என்று இருப்பது எங்களுக்கு நிறை. உங்களுக்கு நிறை என்று இருப்பது எங்களுக்கு எடை. ‘எடையிட்ட’ என்று வைத்தால் இரு கரையிலும் புரியுமே?


செவ்வாய் பின்னேரம், கிளிநொச்சி ஆசிரியர்:

மதுரை ஐயாவுக்கு நன்றி. புரியும். ஆனால் அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் வந்த காலத்திலிருந்து இங்கே வகுப்பறையில் நிறைதான். என் பிள்ளை விடைத்தாளில் ‘எடை’ என்று எழுதி, திருத்துபவர் புருவம் உயர்த்தினால் நான் என்ன செய்ய? ‘எடை’ எங்கள் வாயில் வருவது தராசுக்கு முன்னால் நிற்கும்போது. நெல்லு மூடை எடை போட்டாச்சோ என்று கேட்போம். நிறை என்றே வைப்போம். உங்கள் பக்கத்தில் எடை என்று படித்துக்கொள்ளுங்கள்.

சுட்டெண்ணையும் விட மனமில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் ‘கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்’ என்று மாதாமாதம் வெளியிடுகிறது, அது ஊன்றிவிட்டது. முன்னால் ஒரு அடை வந்தால் பரீட்சை எண்ணோடு குழம்பாது. அந்த அடைதான் இப்போது வேண்டியது.


செவ்வாய் இரவு, மல்லாவி:

பிள்ளையள், நான் நீர்ப்பாசனத்தில தொழில்நுட்ப உத்தியோகத்தரா இருந்து இளைப்பாறினவன். பங்குச் சந்தை எனக்குச் சுத்தமாத் தெரியாது. ஆனா வவுனியாப் பிள்ளை எழுதினதை இரண்டு தரம் வாசிச்சன், இது எங்கட குளத்துக் கணக்கு.

மாரி தொடங்கினா வன்னியில எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி, குளம் எத்தனை அடி? இரணைமடு இத்தனை, வவுனிக்குளம் இத்தனை, முத்தையன்கட்டு இத்தனை எண்டு சொல்லுவம். இப்ப ஒரு பெரிய உத்தியோகத்தர் வந்து, எனக்கு இந்தக் கதை ஒண்டும் வேண்டாம், எல்லாக் குளத்துக்கும் சேத்து ஒரே ஒரு எண் சொல்லு எண்டு கேட்டா? என்ன செய்வியள்?

சின்னக் கணக்காப் பாப்பம். இரண்டு குளம். பெரிய குளத்தின்ர தண்ணிப் பரப்பு 5000 ஏக்கர், கோலில 20 அடி. சின்னது 100 ஏக்கர், 10 அடி. உண்மையில குளம் பெட்டி மாதிரி இராது, சட்டி மாதிரி மேல போகப்போக அகலும். இப்போதைக்குப் பெட்டி எண்டே வையுங்கோ. ஒரு கிழமை போகுது. பெரிய குளத்தில துருசு திறந்து ஒரு அடி இறங்கிப் போச்சு. சின்னக் குளத்துப் பக்கம் நல்ல மழை, இரண்டு அடி ஏறீட்டுது.

கோலை மட்டும் கூட்டிற ஆள் என்ன சொல்லுவார்? முதல் 30 அடி, இப்ப 31. தண்ணி கூடீட்டுது! மூண்டு வீதத்துக்கு மேல. பிள்ளை சொன்ன டவ் ஜோன்ஸ் இந்த ஆள்தான். ஒரு அடிக்குப் பின்னால எவ்வளவு தண்ணி நிக்குது எண்டு அவர் பாக்கேல்லை.

தண்ணியை அளக்கிற ஆள் வேற கதை சொல்லுவார். முதல் ஒரு லட்சத்து ஆயிரம் ஏக்கர் அடி. இப்ப 96,200. கிட்டத்தட்ட ஐஞ்சு வீதம் குறைஞ்சு போச்சு. இது உங்கட சந்தைப் பெறுமதிக்காரர்.

மூண்டாவது ஒருத்தர் இருப்பார். பெரிசு சின்னன் பாக்கக் கூடாது, ஒவ்வொரு குளத்துக்கும் ஒவ்வொரு கமக்கார அமைப்பு இருக்கு, எல்லாரும் சமன் எண்டு சொல்லுறவர். பெரிய குளம் ஐஞ்சு வீதம் இறக்கம், சின்னக் குளம் இருபது வீதம் ஏற்றம், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினா ஏழரை வீதம் ஏற்றம். இவரும் பொய் சொல்லேல்லை. சின்னக் குளத்துக்குக் கீழ வயல் வைச்சிருக்கிறவனைக் கேட்டா இவர்தான் சரி எண்டுவான்.

இரண்டு குளம், ஒரு கிழமை, மூண்டு விடை. சிறுபோகக் கூட்டத்தில எத்தனை ஏக்கர் விதைக்கலாம் எண்டு முடிவெடுக்க எனக்கு இரண்டாமவர்தான் வேணும். அதுக்காக மற்ற இரண்டு பேரையும் கூட்டத்தால துரத்தேலாது, அவையின்ர கேள்வி வேற.

இன்னும் ஒண்டு. துருசுக்குக் கீழ கொஞ்சத் தண்ணி எப்பவும் கிடக்கும். அது வாய்க்காலுக்கு வராது, மீனுக்கும் மாட்டுக்கும்தான். பாய்ச்சக்கூடிய தண்ணியை மட்டும் கணக்கெடுக்க வேணுமெண்டா அதைக் கழிக்க வேணும். நீங்கள் சொல்லுற மிதவையோ என்னவோ, அது இதுவாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன்.


புதன் காலை, கிளிநொச்சி ஆசிரியர்:

ஐயா, காலமை வகுப்புக்கு முன்னமே இதை அச்செடுத்துவிட்டேன். உங்கள் மூன்று ஆட்களுக்கும் பெயர் வைக்கிறேன், பாருங்கள்.

கோலைக் கூட்டுபவர் விலைநிறைச் சுட்டெண். தண்ணீரை அளப்பவர் பெறுமதிநிறைச் சுட்டெண். எல்லோரும் சமன் என்பவர் சமநிறைச் சுட்டெண்.

‘நிறையளிக்கப்பட்ட’ என்ற வாலை வெட்டியதும் சொல் கையில் அடங்குகிறது. விலையே நிறை, பெறுமதியே நிறை, நிறை எல்லாவற்றுக்கும் சமம். விரித்துச் சொல்லக் கேட்டாலும் பிள்ளை தானாக விரித்துவிடும். செயப்பாட்டு வினையைப் பெயருக்குள் அடைக்கும் பழக்கம்தான் எங்கள் பாடநூல்களைக் கல்லாக்குகிறது என்பது என் நெடுநாள் முறைப்பாடு. ‘செய்யப்பட்ட’, ‘அளிக்கப்பட்ட’, ‘சீராக்கப்பட்ட’ மூன்றையும் ஒரு வருசம் தடைசெய்தால் கலைச்சொல் பாதி தானாகப் பிறக்கும்.


புதன் மதியம், வவுனியா:

மூன்றும் சரி. கையெழுத்து வைக்கிறேன். எஸ் அன்ட் பி 500க்கே சமநிறைப் பதிப்பு ஒன்று 2003இலிருந்து தனியாக வருகிறது, ஆகவே ‘சமநிறை’ சும்மா உதாரணத்துக்கு வைத்த சொல் இல்லை, தேவை உள்ள சொல்.

விலைநிறைக்கு இன்னொரு உதாரணம் தருகிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 2020 ஓகஸ்ட்டில் அப்பிள் தன் ஒரு பங்கை நாலாகப் பிளந்தது. நூறு பங்கு வைத்திருந்தவரிடம் நானூறு, விலை காலாக. கம்பனியின் பெறுமதியில் ஒரு சதமும் மாறவில்லை. ஆனால் டவ்வில் அதன் நிறை ஒரே நாளில் ஏறத்தாழ நாலில் ஒன்றாக விழுந்தது. மல்லாவி ஐயாவின் பாஷையில், கோலை அடியிலிருந்து யாருக்கு மாற்றினால் 24 அடி 8 யார் ஆகிறதே, அதுதான். குளத்தில் தண்ணீர் குறையவில்லை, கோலைக் கூட்டுபவரின் கணக்கில் மட்டும் அந்தக் குளம் சிறுத்துவிட்டது. எஸ் அன்ட் பி 500இல் அப்பிளின் இடம் அதனால் அசையவில்லை.

ஆனால் ஐயா, துருசுக்குக் கீழே உள்ள தண்ணீர் எனக்கு ஒத்துவரவில்லை. கோபிக்க வேண்டாம். இரண்டு காரணம். துருசுக்குக் கீழே கிடப்பது ஒருநாளும் வெளியே வராது; ஆனால் ஒரு கம்பனியை ஆளும் தாய்க் கம்பனி கையில் வைத்திருக்கும் பங்கு நாளைக்கே விற்பனைக்கு வரலாம். அடுத்தது, அந்தத் தண்ணீர் அடியில் கிடக்கிறது, மேலே நிற்பதுதான் பாயும். பங்கில் அடி மேல் இல்லை. தாய்க் கம்பனியின் பங்கும் என் அம்மாவின் பங்கும் ஒரே விலை, ஒரே சாதி. யாருடைய கையில் இருக்கிறது, அந்தக் கை விற்கிற கையா என்பதுதான் வித்தியாசம்.

எனக்குத் தோன்றியது நெல்லு. நூறு மூடை வெட்டுகிறோம். விதைநெல்லுக்குப் பத்து, வீட்டுச் சாப்பாட்டுக்கு இருபது, கோயிலுக்கு ஒன்று. மிச்சம்தான் வியாபாரியின் லொறிக்கு. அறையில் கிடக்கும் விதைநெல்லுக்கும் லொறியில் ஏறும் நெல்லுக்கும் சந்தை விலை ஒன்றுதான். ஆனால் ‘இந்தப் போகத்தில் சந்தைக்கு எவ்வளவு’ என்று கேட்டால் நூறு என்று சொல்ல மாட்டோம்.

சேர், உங்கள் மாணவிக்கான பதில் இதிலிருக்கிறது. கணக்குக்காக இரண்டு கம்பனி. முதல் கம்பனியின் பெறுமதி 1000 கோடி. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு தாய்க் கம்பனியின் கையில், மிச்சம் 100 கோடிதான் வெளியே. இரண்டாவது 600 கோடி. நூற்றுக்கு எண்பது, அதாவது 480 கோடி வெளியே. ஒரு நாள் முதலாவது ஆறு வீதம் ஏறுகிறது, இரண்டாவது ஐந்து வீதம் இறங்குகிறது. முழுப் பெறுமதியைப் பார்த்தால் 1600 கோடி 1630 ஆகிறது, சுட்டெண் ஏற்றம். வெளியே நிற்பதை மட்டும் பார்த்தால் 580 கோடி 562 ஆகிறது, சுட்டெண் இறக்கம். அனைத்துப் பங்குச் சுட்டெண் முதல் கணக்கு. எஸ் அன்ட் பி 20 இரண்டாவது கணக்கு. போதாததற்கு ஒரு கம்பனியின் நிறை எல்லை தாண்டாமல் மூடியும் போடுகிறார்கள். தரகர் அலுவலகத்தில் இருந்த காலத்தில் நான் அடிக்கடி கேட்ட முறைப்பாடு: “சுட்டெண் ஏறியிருக்கு எண்டுறியள், என்ர பங்கு எல்லாம் இறங்கியெல்லோ கிடக்கு?” வெளியே சொற்பப் பங்கு நிற்கும் பெரிய கம்பனி ஒன்றில், நாலைந்து பேர் கொஞ்சத்தைக் கூடின விலைக்குக் கைமாற்றினாலே முழுப் பெறுமதியும் உப்பிவிடும்.

ஆகவே சொல்லைத் தேடும்போது ‘மிதவை’யைத் தூரப் போடுங்கள்.


புதன் பின்னேரம், புதுக்குடியிருப்பு:

எல்லாருக்கும் வணக்கம். பல்கலைக்கழகத்தில முகாமைத்துவம் இரண்டாம் வருசம். இவ்வளவு நாளும் ஒளிச்சிருந்து வாசிச்சுக்கொண்டிருந்தன்.

அக்கா சொன்ன மிதவை பற்றி. மொழிபெயர்ப்புச் செயலியில ‘ஃப்ரீ ஃப்ளோட்’ போட்டுப் பாத்தன், ‘இலவச மிதவை’ எண்டு வந்தது. எங்கட அப்பா கடலுக்கு மீன்பிடித் தொழிலுக்குப் போறவர். மிதவை எண்டா எங்கட வீட்டில வலைக்குக் கட்டுறது. இலவசமா மிதவை எங்க குடுக்கினம் எண்டு கேட்டார்.

நான் ஒண்டு சொல்லட்டோ, சிரிக்கப்படாது. கட்டாக்காலிப் பங்கு.

பரந்தன் முல்லைத்தீவு வீதியால இரவில மோட்டார் சைக்கிள் ஓடின ஆருக்கும் கட்டாக்காலி விளங்கப்படுத்தத் தேவையில்லை. கட்டி வைச்ச மாடு பட்டியில. கட்டாத மாடு றோட்டில. பட்டி மாடு தாய்க் கம்பனியின்ர பங்கு, றோட்டு மாடு ஃப்ரீ ஃப்ளோட்.


புதன் இரவு, மல்லாவி:

வவுனியாப் பிள்ளை சொன்னது நியாயம். நெல்லுத்தான் பொருந்துது. துருசை நான் வாபஸ் வாங்கிறன், மற்ற மூண்டு ஆக்களும் நிக்கட்டும்.

புதுக்குடியிருப்புத் தம்பிக்கு: கட்டாக்காலி எண்டு கேட்டவுடன சனம் ஆளில்லாத மாடு எண்டு நினைக்கும். அப்பிடியில்லை. குறி சுட்டிருக்கும், சொந்தக்காரன் இருப்பான், வயலுக்க இறங்கினாத்தான் ஆள் மாறிப்போவான். பங்கிலயும் அப்பிடித்தானே, சொந்தக்காரன் இல்லாத பங்கு இல்லை. அதால உம்மட சொல் நீர் நினைச்சதை விடச் சரி. ஆனா இதை ஒரு ஆண்டறிக்கையில அச்சடிக்கேலாது மோனை.


புதன் இரவு, கிளிநொச்சி ஆசிரியர்:

அச்சடிக்க ஏலாது. ஆனால் வேர் அதில் இருக்கிறது. கட்டு. கட்டின பங்கு, கட்டாத பங்கு. கட்டற்ற மென்பொருள் என்று ஒரு வழக்கு ஏற்கனவே இருக்கிறதே, அங்கேயும் ‘ஃப்ரீ’தான், அங்கேயும் இலவசம் என்று குழம்பாமல் இருக்கத்தான் அந்தச் சொல் வந்தது.

என் தெரிவுகள்: புழங்கு பங்கு, கட்டிலாப் பங்கு, கட்டற்ற பங்கு, கட்டறு பங்கு.


வியாழன் காலை, வவுனியா:

‘புழங்கு பங்கு’ வேண்டாம். புழங்குவது என்றால் ஏற்கனவே கைமாறிக்கொண்டிருப்பது. அதற்குப் புரள்வு என்று வேறு அளவு இருக்கிறது, அன்றன்று எவ்வளவு வாங்கி விற்றார்கள் என்பது. என் அம்மா தன் பங்குகளைப் பதினைந்து வருசமாக விற்கவில்லை. புழங்கவில்லை. ஆனாலும் அவை கட்டில்லாதவைதான், ஏனென்றால் அவரை யாரும் பிடித்து வைக்கவில்லை, கம்பனியை ஆளவும் அவர் அதை வைத்திருக்கவில்லை. பணிப்பாளர்கள், தாய்க் கம்பனி, அரசு, இவர்கள் ஆளுகைக்காக வைத்திருப்பதுதான் கட்டு.

‘கட்டிலா’ என்று எழுதினால் கட்டிலிலா படுக்கிறது என்று கேட்பார்கள். என் ஓட்டு கட்டறு.


வியாழன் மதியம், மதுரை:

கட்டறு பங்கு நன்றாக வருகிறது. மாசறு, குறையறு போல. வினைத்தொகையாகப் படித்துக் கட்டை அறுக்கும் பங்கு என்று ஒருவர் வாதிடலாம். வாதிடட்டும், அதனால் பொருள் கெட்டுவிடாது.

இந்தச் சொல் எங்களுக்கும் தேவை. 1986இல் தொடங்கிய சென்செக்ஸ் முப்பது நிறுவனங்களின் முழுச் சந்தை மதிப்பைத்தான் முதலில் பார்த்தது. 2003இல் கட்டறு முறைக்கு மாறியது. நிஃப்டி 1996இல் வந்தது, 2009இல் மாறியது. இதையெல்லாம் இங்கே நாளிதழில் எழுதும்போது ஆளுக்கொரு சொல் போடுகிறோம். சொல் ஊன்றுவது பற்றி ஒரு செய்தி: சென்செக்ஸ் என்பதே தீபக் மொஹோனி என்ற சந்தை ஆய்வாளர் ‘சென்சிட்டிவ்’, ‘இண்டெக்ஸ்’ இரண்டையும் ஒட்டிச் செய்தது. நிஃப்டியில் நேஷனலும் ஃபிஃப்டியும் ஒட்டிக்கிடக்கின்றன. அகராதி பார்த்து யாரும் ஏற்கவில்லை. செய்தியில் தினமும் ஒலித்தது, ஒட்டிக்கொண்டது.

ஒரு சந்தேகம். கட்டறு பங்கின் பெறுமதியால் நிறை வரும் சுட்டெண்ணை எப்படிச் சொல்வீர்கள்?


வியாழன் இரவு, கிளிநொச்சி ஆசிரியர்:

‘கட்டறுநிறைச் சுட்டெண்’ என்று சுருக்கி எழுதிப் பார்த்தேன். கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் பிள்ளைகளின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நிறையின் கட்டை அறுத்தது போலக் கேட்கிறது. சரி, நீளம் போனாலும் பரவாயில்லை, ‘கட்டறு பெறுமதிநிறைச் சுட்டெண்’ என்று எழுதினேன். பெறுமதிநிறை ஏற்கனவே தெரியும் என்றபடியால் முன்னால் ஒரு அடை கூடினது மட்டும்தான். அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஒரு பெறுமதிநிறைச் சுட்டெண். எஸ் அன்ட் பி ஸ்ரீலங்கா 20 ஒரு கட்டறு பெறுமதிநிறைச் சுட்டெண், மேலே மூடியும் உண்டு. டவ் ஜோன்ஸ், நிக்கேய் விலைநிறைச் சுட்டெண்கள். முந்திய ‘மிதவை சீராக்கப்பட்ட’ இரயிலோடு ஒப்பிட்டால் இது ஒரு முச்சக்கர வண்டி.

வவுனியா அக்காவின் 1600 கோடிக் கணக்கைக் கம்பனி என்று சொல்லாமல் நெல்லாக மாற்றிக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் இருவர் செய்து முடித்தார்கள். முதலில் கேள்வி கேட்ட பிள்ளை, 580 எப்படி 562 ஆனது என்று தானே மற்றவர்களுக்குக் காட்டினாள். ‘கட்டாக்காலி’யைத் தவறுதலாக நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இனி அதை எடுக்க முடியாது. இடைவேளையில் முற்றத்தில் ஆரோ மாடு மாதிரிக் கத்திச் சுட்டெண் கேட்டார்கள்.

இன்னொரு சொல் மிச்சமிருக்கிறது. ஜெர்மனியின் டாக்ஸ் சுட்டெண், கம்பனி பங்காளருக்குக் கொடுக்கும் பங்கிலாபத்தையும் மறுபடி முதலிட்டதாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. வழக்கமாகச் சொல்லும் எஃப்.டி.எஸ்.ஈ. 100 அப்படிச் சேர்ப்பதில்லை. அதனால் ஜெர்மனி எவ்வளவு ஏறியது, லண்டன் எவ்வளவு ஏறியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்குப் பிழைக்கும். கொழும்பிலும் அப்படிச் சேர்ப்பவை தனியாக இருக்கின்றன. ‘மொத்தத் திரும்பல்’ என்று எங்கேயோ கண்டேன், யார் எங்கே திரும்புகிறார்கள் என்று விளங்கவில்லை. ‘பங்கிலாபம் சேர் சுட்டெண்’ என்று இப்போதைக்குக் குறித்து வைக்கிறேன். மதுரையில் ஈவுத்தொகை என்பீர்கள், ‘ஈவுசேர்’ என்றால் சின்னதாக வரும். நானே உங்கள் பக்கம் சாய்ந்துவிடுவேன் போலிருக்கிறது.

மல்லாவி ஐயாவுக்கு ஒரு கேள்வி வந்திருக்கிறது, வெயிற்றர்ப் பெடியன் கேட்டது. இரணைமடு 36 அடி நிரம்பி வான் பாயும்போது, அதற்கு மேல் வரும் தண்ணீர் எந்தச் சுட்டெண்ணிலும் விழாதே, அதை எந்தக் கணக்கில் சேர்க்கிறது என்கிறான். என்னிடம் பதில் இல்லை.


வெள்ளி காலை, மல்லாவி:

அது கடலுக்குப் போற தண்ணி. அவனுக்கு என்ர தொலைபேசி இலக்கத்தைக் குடுங்கோ, கதைப்பம்.